சீன விருந்தில் சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தி வைக்கலாமா?

கூடவே கூடாது. இறந்தவருக்குப் படைக்கும்போது ஊதுவத்தி அப்படித்தான் நிற்கும். பார்த்ததும் பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும். சின்னத் தாங்கி ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அதில் இரண்டையும் சேர்த்துப் படுக்க வையுங்கள். மேற்கத்திய மேசையில் கத்தியும் முள்கரண்டியும் தட்டில் இணையாகக் கிடந்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று பொருள். பரிமாறுபவர் தட்டை எடுத்துவிடுவார்.

மேற்கத்திய மேசையில் தட்டைக் கையில் தூக்குவது தவறு. சீனாவிலோ சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோக வேண்டும்: கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் அடியில். கிண்ணத்தை மேசையிலேயே விட்டுக் குனிந்து சாப்பிடுவதுதான் அநாகரிகம்.

தென் சீனாவில் கான்டன், ஹாங்காங் பக்கம் ஒருவர் தேநீர் ஊற்றினால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து மேசையில் மெல்லத் தட்டுங்கள். அதுவே நன்றி, எனக்கு மிகவும் பிடித்த வழக்கமும் அதுதான். தேநீர்க் குடுவை காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், வெந்நீர் வந்துவிடும்.