டெபாசிட் என்று நினைத்த அறுபதாயிரம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பீனிக்ஸில் அப்பா அம்மாவோடு இருக்கிறோம். வீட்டுச் செலவுக்கு மாதம் 3,000 ராண்ட் தருகிறோம். எனக்குச் சம்பளம் 25,000, மனைவிக்கு 15,000. கையில் 60,000 இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் 9 லட்சம் ராண்டுக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது. இந்த 60,000-ஐ டெபாசிட்டாகக் கட்டி, பற்றாததற்கு ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து எடுக்கலாமா?

பதில்: தம்பி, அந்த 60,000 டெபாசிட் இல்லை, வக்கீல் பணம். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் வக்கீலை வழக்கமாக விற்பவர் அமர்த்துவார், கட்டணம் உங்களுடையது. பாண்டை, அதாவது வீட்டுக் கடனுக்கான அடமானத்தை, பதிவு செய்ய பேங்க் இன்னொரு வக்கீலை வைக்கும். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். 15 சதவீத வாட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 9 லட்ச வீட்டுக்கு 50,000-ஐத் தாண்டிவிடும். நல்லவேளை, 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது வீடு கைமாறும்போது அரசுக்குக் கட்டும் வரி, கிடையாது. கையெழுத்துப் போடும் முன்பே இரண்டு கட்டணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாண்ட் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேமிப்புப் பகுதியைத் தொடாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஓய்வுக்கு முன்பே அதிலிருந்து எடுக்க முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். உங்கள் வருமானத்துக்கு 26 சதவீதம்: 30,000 எடுத்தால் 7,800 வரியாகவே போய்விடும். வயதான காலத்துக் காசை இதற்காகக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் டெபாசிட்டுக்கு எங்கே போவது? ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் வீட்டுத் தவணையைக் கட்டிப் பழகுங்கள். 9 லட்சத்தை 20 ஆண்டுக்கு 10.5 சதவீத வட்டியில் வாங்கினால் தவணை சுமார் 8,985 ராண்ட். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை பிரைம் வட்டி (பேங்க்குகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி) 11.75 சதவீதத்தில் நின்றது நினைவிருக்கும். அந்த வட்டி திரும்ப வந்தால் தவணை 9,750. இதற்கு மேல் ஈத்தெக்வினி (டர்பன்) நகராட்சி வரி, தண்ணீர், காப்பீடு. மொத்தம் 12,000 என்று வையுங்கள். இப்போது தரும் 3,000 போக மீதி 9,000. சம்பளம் வந்த அன்றே அது வேறு கணக்குக்குப் போகட்டும்.

இந்த ஆறு மாதத்துக்குள் தீபாவளியும் ஜனவரியும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதி சமையலறையில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தார்கள். மூன்று மாதம் 9,000, 9,000, 9,000 என்று ஒழுங்காக இருந்தது. ஜனவரிப் பக்கத்தில் மட்டும் 2,400. பக்கத்திலேயே பென்சிலில் ‘இரண்டு பேருக்கும் யூனிஃபார்ம், ஷூ, காரின் பின் டயர்’ என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் சிறிய வீடாகத் தேடினார்கள். இன்று தவணை தவறாமல் கட்டுகிறார்கள். பேங்க் சம்பளச் சீட்டைத்தான் பார்க்கும், அந்தப் பென்சில் எழுத்தைப் பார்க்காது. நீங்கள் பாருங்கள். ஆறு மாதம் சரியாகப் போனால் 54,000 சேரும். அதுதான் உங்கள் டெபாசிட்.

இதற்கிடையில் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுங்கள். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். என்றோ திறந்து மறந்த துணிக்கடை அக்கவுண்டில் சில நூறு ராண்ட் பாக்கி கிடக்கும். அதை அடைத்து, மூடியதற்குக் கடிதமும் வாங்குங்கள். மனைவியின் ரிப்போர்ட்டும் வேண்டும். ஆண்டெநப்ஷியல் ஒப்பந்தம் (திருமணத்துக்கு முன்பே சொத்தைத் தனித்தனியாக வைக்க எழுதுவது) இல்லாமல் பதிவான திருமணம் என்றால் ஒருவர் கடன் இருவர் கடன்.

பாண்டுக்கு ஒரே பேங்க்கில் கேட்டு நிற்காதீர்கள். பாண்ட் ஒரிஜினேட்டர் என்ற கடன் தரகர் மூலம் நாலைந்து பேங்க்கில் ஒரே சமயத்தில் கேட்கலாம். அவர்களுக்குக் கூலி தருவது பேங்க். வட்டி 11-லிருந்து 10.5-க்கு இறங்கினாலே மாதம் 300 ராண்ட் மிச்சம், 20 ஆண்டில் சுமார் 73,000.

ஒன்று கேட்க மறக்காதீர்கள். நீங்கள் தனிக்குடித்தனம் போன பிறகும் அம்மா அப்பாவுக்கு அந்த 3,000 வேண்டியிருக்குமா? இன்று இரவே அவர்களிடம் பேசுங்கள். வேண்டும் என்றால் தனிக் கணக்குக்கு மாதாமாதம் 9,000 போதாது, 12,000 போட்டுப் பாருங்கள்.