வாசகர் கேள்வி – பதில்: பனிச்சாலையில் ஃபோர் வீல் டிரைவ்

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி முதல் குளிர்காலம் இது. பனி மூடிய ஏற்றங்களில் தயங்காமல் ஏறுகிறது. ஆனால் ஒரு சாதாரண வளைவில் பிரேக்கை மிதித்ததும் திரும்பாமல் நேராகப் போய் ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எப்படி வழுக்கும்?

பதில்: நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போவது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். பிரேக் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பங்கே இல்லை. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. எத்தனை மீட்டரில் வண்டி நிற்கும் என்பதை டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம்தான் முடிவு செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் சுமார் 14 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே வேகத்தில், வண்டிகள் ஓடி இறுகிய வெண்பனியில் 50 மீட்டர் ஆகும். பளபளக்கும் பனிக்கட்டியில் 100 மீட்டர்கூட ஆகலாம். உங்கள் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடும் 14 மீட்டர் இதில் சேரவில்லை. வேகத்தை 30 கி.மீ.க்குக் குறைத்தால் இறுகிய பனியில் 18 மீட்டர் போதும்.

ஃபோர் வீல் டிரைவில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்: டூ வீல் டிரைவ் வண்டி கிளம்பும்போதே சக்கரம் சுழன்று, தரை வழுக்குகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வண்டி அதைச் சொல்லாது. ஆகவே நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேரான இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) உடனே துடித்தால் அன்றைய சாலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

வளைவில் நடந்தது வேறு ஒன்று. டயரிடம் இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். அதை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்குபோட வேண்டும். நீங்கள் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டீர்கள். வளைவுக்கு முன்பே, நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் பிரேக்கிலிருந்தும் ஆக்சிலரேட்டரிலிருந்தும் காலை எடுத்து, ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள். இன்னும் அதிகமாகத் திருப்பத்தான் கை போகும்; அது நிலைமையை மோசமாக்கும். பின்பக்கம் வீசினால் எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்து, அந்தத் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நேரம்தான் அதிகம் வழுக்கும். அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மைனஸ் 15 டிகிரியில் அதே பனிக்கட்டி கொஞ்சம் பிடிக்கும். பாலங்களும் வெயில் படாத திருப்பங்களும்தான் முதலில் உறையும்.

கேள்வி: என் வண்டியில் 2எச் (பின் இரு சக்கர இழுவை), 4எச் (நான்கு சக்கர இழுவை), 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் விசையோடு) என்று மூன்று நிலைகள். 4எச்சில் போட்டு, பனி இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பும்போது திக்கித் திக்கி நகர்கிறது. பிறகு லிவரும் 2எச்சுக்கு வர மறுக்கிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. ஆனால் இதைத் தொடர்ந்தால் பழுதாகும். உங்களுடையது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வகை. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச்சில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. வளைவிலோ முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். பனியில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தரையில் வழுக்க வழியில்லாததால் ஷாஃப்டிலும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முறுக்கம் ஏறி, லிவர் இறுகிப்போகிறது. சில மீட்டர் நேராக ரிவர்ஸில் வந்தால் முறுக்கம் விட்டு, லிவர் இலகுவாக வரும்.

விட்டு விட்டுப் பனி கிடக்கும் சாலையில் என்ன செய்வது? நேரான ஓட்டத்தில் 4எச்சிலேயே இருக்கலாம். காய்ந்த இடத்தில் நெருக்கித் திருப்ப வேண்டியிருந்தால் 2எச்சுக்கு வாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 2எச்சிலிருந்து 4எச்சுக்கு ஓட்டத்திலேயே மாற்றலாம், எத்தனை கி.மீ. வேகம் வரை என்பது கையேட்டில் இருக்கும். ஆனால் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது மாற்றவே கூடாது. 4எல்லுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு மாற்றுங்கள்.

கேள்வி: செங்குத்தான பனி இறக்கத்தில் எந்த கியர்?

பதில்: இறங்கத் தொடங்கும் முன்பே 4எல், முதல் அல்லது இரண்டாம் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். வெறும் பனிக்கட்டியாக இருந்தால் முதல் கியரின் பிடி டயர் தாங்குவதைவிட அதிகமாகி, பிரேக் தொடாமலே சக்கரம் இழுபடும். எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்குவது அதன் அறிகுறி. உடனே ஆக்சிலரேட்டரை மெல்லத் தொடுங்கள். சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கும். அடுத்த முறை இரண்டாம் கியர்.

பின் டிஃபரன்ஷியல் லாக் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) இருந்தால் பக்கவாட்டில் சரிந்த பாதையில் அதைப் போடாதீர்கள். லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது வண்டியைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழன்று, பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சரியும்.

கேள்வி: என் டயரில் எம் பிளஸ் எஸ் என்று போட்டிருக்கிறது. குளிர்கால டயர் தனியாக வாங்க வேண்டுமா? பனிக்கு டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: எம் பிளஸ் எஸ் என்பது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டை வெட்டு (டயரில் தரையைத் தொடும் பகுதியின் வடிவம்) என்று தயாரிப்பாளர் போடும் குறி. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அல்ல. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையில் தேறிய டயரில்தான் அது இருக்கும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளகியே இருக்கும். அதன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் நுண்கீறல்கள்தான் பனியைக் கவ்வுகின்றன. பட்டை ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போனால், சட்டம் அனுமதித்தாலும், பனிக்கு அந்த டயர் உதவாது. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால், பிரேக்கில் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும்.

காற்று விஷயத்தில் இரண்டு பேச்சைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கமான பனிச்சாலையில் கையேடு சொன்ன அழுத்தமே சரி. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ தானாகக் குறையும். ஆகவே குளிர்காலத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியே வரும். வெளியே குளிர்ந்த டயரில் அளந்து பாருங்கள். சாலையே இல்லாத ஆழப் பனியில் மெதுவாக ஊர்ந்து போவதற்குத்தான் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். டயர் விரிந்து, பனிக்குள் புதையாமல் மேலே மிதக்கும். கையில் கம்ப்ரஸர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும், திருப்பத்தில் ரிம்மிலிருந்தே கழன்றுவிடும்.

கேள்வி: டயரில் மாட்டும் பனிச் சங்கிலி ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. முன்னாலா, பின்னாலா?

பதில்: கையேடு சொல்கிற சக்கர அச்சில்தான். சில வண்டிகளில் முன் சக்கரத்தருகே பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் சங்கிலி உரசும் தூரத்தில் இருக்கும். முன்னால் மட்டும் போட்டு இறக்கத்தில் போகும்போது பின்பக்கம் எளிதில் வீசும் என்பதை நினைவில் வையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வாங்குங்கள். மாட்டிய பிறகு 100 மீட்டருக்குள் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். 50 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். பனி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பனியில் வண்டி வயிறு தட்டிச் சிக்கிவிட்டால்?

பதில்: முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுழலும் டயரின் சூட்டில் பனி உருகி, மறு நிமிடமே கண்ணாடியாக உறைந்துவிடும். மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும் பின்னும், பிறகு வண்டியின் அடிவயிற்றிலும் பனியை அகற்றுங்கள். அடிப்பகுதி பனியில் உட்கார்ந்திருக்கும்வரை சக்கரத்தில் எடையே இருக்காது. என்ன முறுக்கினாலும் பயனில்லை. ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழன்ற கணமே அது எஞ்சின் விசையைக் குறைத்துவிடும். 4எல்லில் இரண்டாம் கியரில் மெல்ல முன்னே, பிறகு ரிவர்ஸில் பின்னே என்று அசைத்து, வந்த தடத்தின் வழியாகவே வெளியே வாருங்கள். டயருக்கடியில் மணல் தூவினால் நல்லது. இன்னொரு வண்டி இழுப்பதானால் கயிற்றை இழுவைக்கென்றே அமைந்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லரை இணைக்கும் உருண்டைக் குமிழில் மாட்டினால் அது உடைந்து பறந்து உயிரையே எடுத்துவிடும்.

உதவி வரும்வரை வண்டிக்குள் காத்திருக்க நேர்ந்தால், எஞ்சினைப் போடும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கட்டாயம் அகற்றுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். பனி பெய்துகொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் இறங்கிக் குழாயைப் பாருங்கள்.

கேள்வி: டீசல் வண்டி. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சில நிமிடங்களில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பேட்டரி புதிது.

பதில்: பேட்டரி மேல் குற்றமில்லை. குளிரில் டீசலிலிருந்து மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கிறது. குழாயில் மிச்சமிருந்த டீசலில் எஞ்சின் ஓடி, அது தீர்ந்ததும் நிற்கிறது. வெப்பமான பகுதியில் நிரப்பிய டீசலோடு குளிர்ப் பகுதிக்கு வந்திருந்தால் இதுதான் நடக்கும். வண்டியைச் சூடான கொட்டகைக்குள் தள்ளுங்கள், அல்லது வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேல் சுற்றுங்கள். நெருப்புக் காட்டவே கூடாது. மெழுகைத் தடுக்கும் திரவங்களை மெழுகு உண்டாகும் முன்பே கலக்க வேண்டும். பிறகு ஊற்றிப் பலன் இல்லை. குளிர்கால டீசல் நிரப்பி, ஃபில்டரில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

கையோடு எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டையும் பார்த்துவிடுங்கள். அதில் எத்திலீன் கிளைக்கால் என்ற உறைவுத் தடுப்புத் திரவமும் நீரும் சரிபாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நீரே சேர்க்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஆகவே அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்பது தவறு.

கேள்வி: இரவு பனியில் நிறுத்திய வண்டி காலையில் 60 கி.மீ. தாண்டியதும் கடுமையாக அதிர்கிறது. வீல் பேலன்ஸ் போய்விட்டதா?

பதில்: பணம் செலவழிக்கும் முன் ரிம்முக்குள் கையை விட்டுப் பாருங்கள். உட்புறத்தில் ஒரு பக்கமாகப் பனி உறைந்து ஒட்டியிருக்கும். மரக்குச்சியால் தட்டி எடுத்தால் அதிர்வு நின்றுவிடும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காதீர்கள்; ஈரத்தோடு உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். 2எச்சில் கியர் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டுமே. சரிவில் நிறுத்தினால் 4எச்சில் விடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது.