புதுசா, புதுசு மாதிரியா?

கேள்வி: புதுச்சேரியில் பழைய ஸ்கூட்டர் விற்கும் கடையொன்றில் 'ஆஸ் குட் ஆஸ் நியூ' என்று எழுதியிருந்தது. 'ஆஸ் குட் ஆஸ்' என்றாலே ஒப்பீடுதானா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: 'கிட்டத்தட்ட புதுசு' என்று அர்த்தம். புதுசு இல்லை என்பதும் அதிலேயே அடக்கம். கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

அடுத்து வரும் சொல்லைக் கவனியுங்கள். 'திஸ் காபி இஸ் ஆஸ் குட் ஆஸ் தட் ஒன்' என்றால் இரண்டும் ஒரே தரம்; இது நேரான ஒப்பீடு. 'ஃபினிஷ்ட்', 'டெட்' என்று நிலையைக் குறிக்கும் சொல் வந்தால் 'ஏறக்குறைய' என்றாகிவிடும். 'தி வொர்க் இஸ் ஆஸ் குட் ஆஸ் ஃபினிஷ்ட்': வேலை முடிந்த மாதிரிதான், கொஞ்சம் பாக்கி. இங்கே 'குட்' நல்லதைச் சொல்லவே இல்லை. அதனால்தான் 'ஆஸ் குட் ஆஸ் டெட்' என்றும் தயங்காமல் சொல்கிறார்கள்.

வினைச்சொல்லுக்கு முன்னாலும் வரும். 'ஹி ஆஸ் குட் ஆஸ் அட்மிட்டட் இட்' என்றால் வாய்விட்டுச் சொல்லாத குறைதான், ஒப்புக்கொண்டுவிட்டார்.

பலர் இடறுவது 'ஆஸ் குட் தேன்' என்று எழுதி. 'தேன்' வேண்டுமென்றால் 'பெட்டர்' போடுங்கள். 'ஆஸ்' என்று தொடங்கினால் 'ஆஸ்' என்றே முடியுங்கள்.