நெஞ்சு நோ, குளிசைப் பயம், 31 கழிவு: இந்தக் கிழமைக் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயசு, சாவகச்சேரியில இருக்கிறா. நெஞ்செரிவு, தலையிடி, உடம்பு உளைவு எண்டு ஒரு வருசமா சொல்றா. ஈசிஜி, ஸ்கான், ரத்தம் எல்லாம் நோர்மல். நடிக்கிறாவோ எண்டு அப்பா கேக்கிறார்.

பதில்: அப்பாட்ட சொல்லுங்கோ, நடிப்பில்லை, அது உண்மையான நோ. இப்பிடி வாற அம்மாமார் கிளினிக்குக்கு ஒரு சொப்பிங் பாக்கோடதான் வருவினம், அதுக்க நாலு ஈசிஜி, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச ரிப்போட், பாதி முடிஞ்ச குளிசை மட்டை எல்லாம் கிடக்கும், "கவலை ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டா "எனக்கென்ன கவலை, பிள்ளையள் கனடாவில நல்லா இருக்குதுகள், இந்த நெஞ்சுதான் ஏலாது" எண்டுவினம். எங்கட ஆக்களுக்கு மனச்சோர்வு கனதரம் உடம்பாலதான் கதைக்கும். நீங்கள் பாக்கவேண்டியது வேற: விடியப்பறம் மூண்டு மணிக்கே முழிப்பு வருதோ, முந்தி ஆசையாத் தண்ணி விட்ட பூக்கண்டை இப்ப திரும்பியும் பாக்கிறேல்லையோ, சாப்பாடு குறைஞ்சுதோ. ரெண்டு கிழமைக்கு மேல அனேகமா ஒவ்வொரு நாளும் இப்பிடியெண்டா டிப்ரெஷனா எண்டு பாக்கத்தான் வேணும். தைரொயிட் டெஸ்ட் செய்யாட்டி அதையும் செய்யுங்கோ, தைரொயிட் குறைஞ்சாலும் ஆள் இதே கோலத்திலதான் இருப்பா. "செத்தாக் காணும்" எண்டு ஒருக்காச் சொன்னாலும் பக்கத்தில இருந்து நேர கேளுங்கோ, கேட்டா அந்த எண்ணம் கூடும் எண்டுறது பிழையான கதை. ராவில அந்தரமெண்டா இலங்கையின்ர மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுக்கலாம், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு டொக்டர் தந்த செர்ட்ரலின் குளிசை ஒரு மாசம் போட்டன், சுகமாப் போச்சு, நிப்பாட்டினன். இப்ப தலை சுத்துது. அடிமையாயிட்டனோ?

பதில்: இல்லை. சாராயம் மாதிரி அதைத் தேடி மனம் அலையாது. ஆனா டக்கெண்டு நிப்பாட்டினா தலைசுத்து, சத்தி வாற மாதிரி, சிலருக்குத் தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரியும் வரும், அதாலதான் டொக்டர் சொல்லிச் சொல்லி மெல்லக் குறைக்கிறது. உங்கட பிழை சுகம் வந்தவுடன விட்டது. இந்தக் குளிசை வேலையைக் காட்டவே 2 - 4 கிழமை எடுக்கும், சுகம் வந்த பிறகும் குறைஞ்சது 6 மாசம் தொடரவேணும், இல்லாட்டித் திரும்ப வாற சந்தர்ப்பம் கூட. உண்மையா பழக்கமாகிறது டயசிபாம், அல்பிரசோலம் மாதிரி நித்திரைக்கும் பதட்டத்துக்கும் போடுற சாமான், நித்திரை வரேல்லையெண்டு பக்கத்து வீட்டு அக்காட்ட ஒண்டு ரெண்டு வாங்கிப் போடுறியளே, அது. அதுக்கு ஒருத்தரும் பயப்பிடுறேல்லை!

கேள்வி: ஏஎல் படிக்கிற தம்பிக்கு பஸ்ஸில நெஞ்சு படபடத்து, கை விறைச்சு, சாகப்போறன் எண்டு கத்தினவன். ஹாட் அட்டாக்கோ?

பதில்: முதல்தரமெண்டா கட்டாயம் ஈசிஜி எடுங்கோ. அது சரியெண்டா பனிக் அட்டாக்காத்தான் இருக்கும், பத்து நிமிசத்துக்குள்ள உச்சத்துக்கு ஏறி இறங்கும். கெதியாக் கெதியா மூச்சு விட்டு ரத்தத்தில காபனீரொட்சைட்டு குறையிறதாலதான் கை விறைக்கிறது, மூச்சை ஆறுதலா, நீட்டி வெளிய விடச் சொல்லுங்கோ. பயத்தில பஸ் ஏறுறதை விட்டாரெண்டா வருத்தம் பெருக்கும். கூடப்போய் ஏத்துங்கோ.

கேள்வி: தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து 9 நாள். நித்திரையே இல்லை, ஆரோ கதைக்கிறது கேக்குதாம், இது தன்ர பிள்ளை இல்லையாம். மாமி 31ஆம் நாள் துடக்குக் கழியட்டும், பிறகு காட்டுவம் எண்டுறா.

பதில்: இண்டைக்கே கொண்டுபோங்கோ. பிள்ளை பெத்த முதல் கிழமை சும்மா சும்மா அழுகை வாறது கனபேருக்கு உள்ளது, அது தன்பாட்டில மாறும். இது அதில்லை, பிள்ளை பெத்த பிறகு ஆயிரம் தாய்மாரில ஒண்டு ரெண்டு பேருக்கு வாற சைக்கோசிஸ் எண்ட அவசர மனவருத்தம். தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிசமும் தனிய விடாதேங்கோ. யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியிலயும் தெல்லிப்பளையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசில்லை. நூல் கட்டுறதெண்டா கட்டிக்கொண்டே வாங்கோ, நான் தடுக்கேல்லை. மருந்துக்கு நல்லாக் கேக்கிற வருத்தம், பால் குடுக்கலாமோ எண்டதை டொக்டரிட்டக் கேளுங்கோ. துடக்கை ஐயர் பிறகும் வந்து கழிப்பார்.