இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

கனடாக் குடியுரிமையும் உள்ள உங்கள் அண்ணா கொழும்பில் போட்டியிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு முடியாது.

2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் இதைத் தடுத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் திறந்துவிட்டது. அதன்பிறகுதான் அமெரிக்கக் குடியுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ச, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவின் தம்பி, தேசியப் பட்டியல் (தொகுதியில் வெல்லாமல் கட்சி நியமிக்கும் இடம்) வழியாக நாடாளுமன்றத்துக்குள் வந்தார். 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் திரும்பவும் பூட்டியது. ஆளுக்கேற்பச் சட்டம் எழுதுகிறார்கள் என்று சனம் சொல்வது சும்மா இல்லை.

வாக்குப் போடுவது வேறு விஷயம். இலங்கைப் பிரஜையாக வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் போடலாம். கிராம சேவகரிடம் விசாரியுங்கள்.

சரி, புது அரசியலமைப்பு வந்தால்? மாற்றலாம். ஆனால் இப்போதுள்ள 1978 யாப்பை முழுதாக மாற்ற நாடாளுமன்றத்தின் 225 பேரில் 150 பேரின் ஆதரவும், அப்புறம் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.