‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் பேராசையால் விளையும் கேட்டைத்தானே சொல்கிறது?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஆம் என்று எழுதிவிடுங்கள், மதிப்பெண் வந்துவிடும். ஆங்கில முதுகலைத் தேர்வில் நானும் அப்படித்தான் எழுதினேன். பல ஆண்டுகள் கழித்து, என் மகள் 32 வாரத்திலேயே 1.4 கிலோ எடையுடன் பிறந்த அன்றுதான் அந்த விடையில் எனக்கு நம்பிக்கை போயிற்று.

இன்குபேட்டர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். மெல்லிய தோலுக்கு அடியில் நரம்புகள் நீலமாக ஓடின. மூக்கில் குழாய் செருகியிருந்தது. இத்தனை மாதங்களாக நான் மனத்தில் வைத்திருந்த குழந்தை அதுவல்ல. “கையைக் கழுவிட்டு வந்து தொடுங்க சார்” என்றார் செவிலியர். பணம் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிய நான், எதிரே இருந்த தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே நிற்கும்போதுதான் நாவலின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் நினைவு வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குக் கடிதம்கூட ஒழுங்காக எழுதாமல், தனி அறையில் அடைந்து கிடந்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். ஒரு நவம்பர் இரவில் அது மஞ்சள் கண்ணைத் திறந்ததும் அருவருத்து ஓடிப் படுக்கையில் விழுகிறான். அது அவனைத் தேடி வந்து, கட்டிலின் திரையை விலக்கி, ஏதோ முணுமுணுத்தபடி ஒரு கையை நீட்டுகிறது. அவன் மீண்டும் எழுந்து ஓடிவிடுகிறான். படைத்தது பேராசையாகவே இருக்கட்டும். கேடு தொடங்கியது இந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் என்பது என் கருத்து.

பெற்ற குழந்தையைப் பூதத்தோடு ஒப்பிடுகிறானே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் ஒப்பிடுவது விக்டரையும் என்னையும். விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமை அந்த உயிர் கொன்றதை நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அந்தக் கொலைக்கு முன்பே, ஒரு குடும்பத்தைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பேச்சைக் கற்றுக்கொண்டு, அவர்களுக்காக இரவில் விறகு சேர்த்து வைத்ததும் அதே உயிர்தான். பார்வையற்ற முதியவர் ஒருவரே அதனிடம் அன்பாகப் பேசினார். பார்வையுள்ள மகன் வந்ததும் தடியால் அடித்தான்.

மேரி ஷெல்லி 1816இல் இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அவரைப் பெற்ற சில நாள்களிலேயே தாய் இறந்துவிட்டார். 1815இல் குறைமாதத்தில் பிறந்த அவருடைய முதல் மகளும் இரண்டு வாரங்களுக்குள் இறந்தாள். குழந்தைக்குக் குளிர்தான் கண்டிருந்தது, நெருப்பருகே தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக அந்த மார்ச்சில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகும் நாவலை ‘பேராசை பெருநட்டம்’ என்று சுருக்கும் கைடுகளின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

விக்டரோ சாகும் தறுவாயிலும், வடதுருவக் கடலில் ஒரு கப்பலில் படுத்துக்கொண்டு, பேராசையைத் தவிர்க்கும்படி கப்பல் தலைவன் வால்டனுக்குப் புத்தி சொல்கிறான். தன் கடந்தகால நடத்தையில் குற்றம் காணவில்லை என்கிறான். கைவிட்டது அவன் கணக்கிலேயே வரவில்லை.

கடைசியில் மாமியார் தேடி வந்தார். “பில்லு கட்ட இவ்வளவு நேரமா, மாப்பிள்ளை?” என்றார்; அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மேலே போய்க் கையைக் கழுவிக்கொண்டு தொட்டேன். கதைகளில் வருவதுபோல் அவள் என் விரலைப் பற்றிக்கொள்ளவில்லை. குதிகாலில் இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.