எந்த ஸ்வரத்தில் நிற்கிறீர்கள்?

ஐயா,

ஓராண்டாகக் கீபோர்டு பழகுகிறேன். பன்னிரண்டு மேஜர் ஸ்கேலும் விரலுக்கு வந்துவிட்டன. டோரியன், லோக்ரியன் என்று ஸ்கேலுக்கு வகைவகையாகப் பெயர் வைத்திருக்கும் மோட்தான் பிடிபடவில்லை. சி மேஜர், டி டோரியன், ஏ மைனர் எல்லாமே அதே வெள்ளைக் கட்டைகள்தானே? அதற்கு எதற்கு இத்தனை பெயர்? லோக்ரியனை யாராவது வாசிக்கிறார்களா? எல்லா மோட்களையும் நினைவில் வைக்க ஓர் அட்டவணை தருவீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அட்டவணை தர மாட்டேன். லோக்ரியனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஐந்தாம் ஸ்வரம் அரை ஸ்வரம் இறங்கியிருப்பதால் அதில் நிலைத்து நிற்பதே பெரும்பாடு.

'அதே வெள்ளைக் கட்டைகள்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சி மேஜரை டியிலிருந்து தொடங்கினால் டோரியன் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்களும் டியில் தொடங்கி மேல் டி வரை ஓடுகிறீர்கள். ஆனால் மனசுக்குள் ஒலிப்பது சிதான். தொடங்குவதால் என்ன ஆகிவிடும்? சி மேஜரில் ஒரு பாட்டு இயில் தொடங்கலாம், ஜியிலும் தொடங்கலாம். அதனால் அது ஃப்ரிஜியனாகவோ மிக்ஸோலிடியனாகவோ ஆகிவிடாது. காது எந்த ஸ்வரத்தை வீடாகக் கொண்டு நிற்கிறதோ, அதுதான் மோடைத் தீர்மானிக்கும்.

டோரியன் மேஜருக்குப் பிறந்த பிள்ளையும் இல்லை. ஐரோப்பிய தேவாலய இசையில் வெகுகாலம் எட்டு மோட்களைத்தான் எண்ணினார்கள். டோரியன் அதில் முதலிலேயே நிற்கிறது. இன்றைய மேஜருக்குச் சமமான அயோனியனை கிளேரியனஸ் என்ற இசை அறிஞர் தன் 'டோடெகாகார்டன்' நூலில் முறையாகப் பட்டியலில் சேர்த்ததே 1547-இல்தான். பிற்பாடு வந்தவரைத் தாயாக்கி, மூத்தவரைப் பிள்ளையாக்கி வைத்திருக்கிறோம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்கேலை ஓட்டவே விடமாட்டார். இடது கையால் டியை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்வார். வலது கையில் பி மட்டும். விரலை எடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து இடது கையை சிக்கு மாற்றச் சொல்வார். அதே பிதான், ஆனால் இப்போது பக்கத்திலிருக்கும் சியில் போய் விழத் துடிக்கும். டியின் மேல் அது ஆறாம் ஸ்வரம், அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சியின் மேல் ஏழாம் ஸ்வரம். கட்டை மாறவில்லை, கேட்பது மாறிவிட்டது. "புரியுதா?" என்று கேட்கமாட்டார், "கேட்குதா?" என்பார். கேட்கும்வரை அடுத்த கட்டைக்கு விட்டதில்லை. நல்ல மனிதர், பொறுமைதான் கிடையாது.

இதைக் கர்நாடக இசையின் கிரக பேதம் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியலாம். சங்கராபரண ராகத்தின் ரிஷபத்தை (ரி) ஷட்ஜமாக (ச) கொண்டால் கரகரப்பிரியா ராகம். கரகரப்பிரியாவைக் கேட்டு யாராவது 'அதே ஸ்வரங்கள்தானே' என்று சொல்வார்களா? கீபோர்டு முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் ஏன் காதைக் கழற்றி வைத்துவிடுகிறீர்கள்?

சரி, செய்ய வேண்டியது இது. இடது கையில் டி, எடுக்கவே கூடாது. வலது கையில் டி மேஜர்: எஃப் ஷார்ப், சி ஷார்ப் இரண்டும் உண்டு. மெதுவாக வாசியுங்கள். அப்புறம் சி ஷார்ப்பை மட்டும் சியாக இறக்குங்கள், மிக்ஸோலிடியன். எஃப் ஷார்ப்பையும் எஃப்பாக இறக்கினால் டோரியன். உங்கள் வெள்ளைக் கட்டைகள் இப்போதுதான் வருகின்றன, அதுவும் டி மேஜரிலிருந்து இரண்டு படி இறங்கி. பியை பி ஃப்ளாட் ஆக்கினால் இயல்பான டி மைனர். இயையும் இ ஃப்ளாட் ஆக்கினால் ஃப்ரிஜியன். ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் இறங்குகிறது, நிறம் ஒரு சுற்று இருள்கிறது. மேலே போக வேண்டுமா? டி மேஜரில் ஜியை ஜி ஷார்ப் ஆக்குங்கள், லிடியன்.

ஒரு நாளைக்கு ஒரு படிக்கு மேல் போகாதீர்கள். பெயர்களை எழுதி ஒட்டிவைக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு ஸ்கேல் ஓட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள், விரல் ஒன்றும் மறந்துவிடாது. டோரியனுக்கும் டி மைனருக்கும் நடுவே அந்த பி என்ன செய்கிறது என்று காதில் விழுந்ததும் எழுதுங்கள்.